நீரோட்டத்தைக் காட்டும் ஒளி

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து உள்துறைமுகத்தை நோக்குவோர்க்கு, காற்றில்லா வேளையில் நீர் அசைவற்றதாகவே தோன்றும். அதில் சருகொன்று மிதந்து சென்றால் மட்டுமே ஓட்டத்தின் திசையும் விரைவும் புலனாகும். பொறியியல் ஆய்வாளரும் இவ்வுண்மையையே கையாளுகின்றனர்.

ஓட்டத்தினுள் கருவியொன்றை நுழைத்து அளந்தால், அக்கருவியே ஓட்டத்தைக் குலைத்துவிடும். ஒளியோ தொடாமலே காட்டும். ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில், நீரில் மினுங்கும் துகள்களைக் கலந்து, பொருளின் மேற்பரப்பைவிட்டு ஓட்டம் பிரிந்து சுழல்வதை 1904ஆம் ஆண்டிலேயே படங்களால் விளக்கினார்.

இன்று லேசர் துணைசெய்கிறது. கப்பல் மாதிரியைச் சூழ்ந்த நீரில் நுண்துகள்களைக் கலந்து, தாள்போல் மெல்லிய ஒளியைப் பாய்ச்சி, மிகக் குறுகிய இடைவெளியில் இரு படங்கள் எடுப்பர். நொடியின் 1,000இல் ஒரு பங்கில் துகள் 1 மில்லிமீற்றர் நகர்ந்திருப்பின், அவ்விடத்து நீரின் விரைவு நொடிக்கு 1 மீற்றர்.

காற்றுக்குத் துகளும் வேண்டியதில்லை. அடர்த்தி மாறுமிடத்தில் ஒளி வளையும். அவ்வளைவே நிழலாய்ப் படத்தில் விழும். இம்முறையை ஆகஸ்ட் டோப்ளர் 1864இல் வகுத்தார். ஒலியினும் விரைந்த காற்றை ஆராயும் சுரங்கங்களில் அதிர்ச்சியலைகளைக் காண இதுவே கண். இந்தியாவில் அத்தகைய சுரங்கத்தைப் பெங்களூரில் 1950களில் அமைத்தவர் சதீஷ் தவான்.

சிறு மாதிரியில் கண்ட ஒரு சுழலைத் திருத்தினால், பெருங்கப்பல் கடலில் வீணாக்கும் எரிபொருள் குறையும்.