புழுவைத் தாங்கும் கிடாவை விற்றுவிடாதீர்கள்

ஐப்பசி மழை பெய்ததும் ஆயக்குடி சுற்றுவட்டாரத்தில் கொய்யாத் தோப்பு ஓரங்களிலும் குளத்துக் கரைகளிலும் புல் தளதளவென்று வந்துவிடும். செம்மறியாடு வளர்ப்பவர்களுக்குக் கவலையும் அப்போதுதான் தொடங்கும். மேய்ச்சல் இருந்தும் ஆடு மெலியும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். கவனிக்காமல் விட்டால் குட்டிகள் சாகும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம், ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற குடற்புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம்புழுவாகிப் புல்லில் ஏறிவிடும்.

அதே புல்லை மேய்ந்த சில ஆடுகள் மட்டும் வாடாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உடல் புழுவை அதிகம் தங்கவிடுவதில்லை. இந்தக் குணம் ஓரளவு தாய் தகப்பனிடமிருந்து குட்டிக்கும் இறங்கும்.

கென்யா தரும் பாடம்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மாசாய் மக்கள் வளர்க்கும் சிவப்பு மாசாய் செம்மறி, புழுவைத் தாங்குவதில் பேர் பெற்றது. எடை கூடும் என்று 1970-களில் தென்னாப்பிரிக்க டார்ப்பர் கிடாக்களைக் கென்யாவில் பரவலாகக் கொடுத்தார்கள். கலப்பு பெருகி, தூய மாசாய் ஆடு குறைந்தது. வறண்ட இடங்களில் டார்ப்பர் நன்றாகவே வளர்ந்தது. ஈரமான கடற்கரைப் பகுதியில் அதன் குட்டிகள் அதிகம் செத்தன. அங்கே மாசாய் ஆடே லாபம் என்று பின்னர் ஆராய்ச்சியில் தெரிந்தது.

நம் நாட்டில் சுந்தரவனச் சதுப்பு நிலத்துக் கரோல் ஆடு உருவத்தில் சிறியது. புழுவைத் தாங்குவதில் கெட்டி. ராஜஸ்தான் அவிகாநகரில் உள்ள மத்தியச் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனம், புழுக்கையில் முட்டைகளை எண்ணிப் பார்த்து, குறைவாக உள்ள ஆடுகளைக் கொண்டே மால்புரா மந்தையைப் பெருக்கியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

* ஆடுகளுக்குக் காதில் எண் போட்டு, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையைத் திறந்து பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தசோகை, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.
* எந்த ஆட்டுக்கு எத்தனை முறை மருந்து கொடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அடிக்கடி மருந்து கேட்கும் ஆட்டின் குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.
* ஒரே மருந்தை எடை பார்க்காமல் குறைத்துக் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து, எடைக்கேற்ற அளவு கொடுங்கள்.
* வெளியூர்க் கிடா வாங்கினால் தனியே கட்டி, புழு நீக்கிய பிறகே மந்தையில் விடுங்கள்.

மழையைத் தாங்கித் திடமாக வளர்ந்த கிடாக்குட்டியைத்தான் வியாபாரி முதலில் கேட்பார். கையில் காசு வருகிறதே என்று கொடுத்துவிட்டால், மிஞ்சிய சோப்ளாங்கிக் கிடாதான் அடுத்த ஆண்டு குட்டிகளுக்குத் தகப்பன். ஒரு கிடாவை 25 பெட்டைகளுக்கு விடுகிறோம். அதனால் அந்த ஒன்றை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்த மகள்களோடு சேராதபடி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இதே கணக்கு வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரரோடு கிடா மாற்றிக்கொள்ளுங்கள்.