இரண்டு சிம், ஒரே டவர்

புதுச்சேரி நேரு வீதியில் ஏதாவது ஒரு துணிக்கடையின் பில் கவுண்டரைக் கவனித்துப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு ஃபைபர் இணைப்பு. கார்டு தேய்க்கும் மெஷினுக்குள் ஒரு சிம். பணம் வந்ததும் குரல் கொடுக்கும் சவுண்ட் பாக்ஸுக்குள் இன்னொரு சிம். முதலாளி கையில் இரண்டு சிம் போட்ட போன். ஆக மொத்தம் ஐந்து இணைப்பு. ஒன்று போனா இன்னொன்று இருக்கு என்பதுதான் எல்லோருடைய தைரியமும்.

அந்த தைரியத்துக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கு என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். செல்போன் கம்பெனிகள் ஒன்றோடொன்று சேர்ந்தபோது நாம் பேசியதெல்லாம் ரீசார்ஜ் விலையைப் பற்றித்தான். தொழில் செய்பவருக்கு வேறொரு நட்டமும் இருக்கிறது: மாற்றுவழி சத்தமில்லாமல் குறைந்துவிட்டது.

கூட்டம் கரைந்த கதை

தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரி தனி வட்டம் கிடையாது. தமிழ்நாடு வட்டத்தில்தான் வருகிறது. அதனால் சென்னையிலும் கோவையிலும் நடந்ததேதான் நமக்கும் நடந்தது.

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. விலைப் போர் ஆரம்பித்தது. 2017 கடைசியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மொபைல் குரல் சேவையை நிறுத்தியது. 2018-ல் டெலிநார் இந்தியா ஏர்டெலோடு சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ல் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019 ஜூலையில் டாடாவின் மொபைல் வாடிக்கையாளர்களும் ஏர்டெலுக்குப் போனார்கள். மிச்சம் நாலு: ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல்.

சந்தை எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு கம்பெனியின் சதவீதப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். சம பலமுள்ள பத்து கம்பெனி இருந்தால் விடை 1,000. நம்ம நாலு பேரின் பங்கை ஏறக்குறைய 40, 33, 18, 8 என்று வைத்துக்கொண்டால் 3,000-ஐத் தாண்டுகிறது. அமெரிக்காவின் 2023 வழிகாட்டுதலில் 1,800-ஐத் தாண்டினாலே அதிகம் குவிந்த சந்தை என்று பெயர்.

ஏர்செல் பாடம்

இந்தக் கதையில் நம்ம பக்கத்துக்கு ரொம்ப வலித்த இடம் ஏர்செல். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. வியாபாரிகள் ஊழியர்களுக்கு வாங்கிக் கொடுத்த நம்பர், கடை போர்டில் எழுதிய நம்பர், பேங்கில் ஓடிபிக்குக் கொடுத்த நம்பர் என்று எல்லாம் ஏர்செலாக இருந்தவர்கள் ஏராளம்.

2018 பிப்ரவரியில், டவர் கம்பெனியோடு இருந்த பணத் தகராறில் டவர்கள் நிறுத்தப்பட்டு, தமிழ்நாடு முழுக்க சிக்னல் விழுந்தது. மாத இறுதியில் கம்பெனி திவால் நடவடிக்கைக்கு மனு கொடுத்தது.

நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றால் அங்கேதான் முடிச்சு. மாற்றுவதற்கான குறியீட்டை வாங்க அதே சிம்மிலிருந்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத சிம்மிலிருந்து எப்படி அனுப்புவது? கடைசியில் ட்ராய் தலையிட்டு, ஏப்ரல் 15 வரை மாறிக்கொள்ள வழி செய்தது. வெளியேறும் கதவின் சாவி, எரிகிற வீட்டுக்குள்ளேயே இருந்த மாதிரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனி ஒன்று, அது நின்ற டவர் வேறொருவருடையது.

கணக்கு எங்கே உதைக்கிறது

ஒரு இணைப்பு வருஷத்தில் 1% நேரம் வேலை செய்யாது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 8,760 மணி நேரத்தில் அது சுமார் 88 மணி நேரம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இணைப்பு இருந்தால், இரண்டும் சேர்ந்து விழுவது வருஷத்துக்கு ஒரு மணி நேரம்கூட இருக்காது, 53 நிமிஷம்தான். இரண்டாவது சிம்மின் மதிப்பு அவ்வளவு பெரிது.

ஆனால் அந்த "சம்பந்தமே இல்லாத" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு சிம்மும் ஒரே டவரில் தொங்கி, பழுதுகளில் பாதி அந்த டவரின் கரண்டாலோ, டீசலாலோ, அடியில் போகும் ஃபைபராலோ வருகிறதென்றால், 53 நிமிஷம் ஏறக்குறைய 44 மணி நேரமாகிவிடும். நீங்கள் கட்டும் ரீசார்ஜ் மட்டும் இரண்டு.

இது வெறும் கற்பனை இல்லை. 2020 நவம்பரில் பாரதி இன்ஃப்ராடெலும் இண்டஸ் டவர்ஸும் ஒன்றாயின. ஏர்டெல், வி இரண்டுமே அதன் பெரிய வாடிக்கையாளர்கள். டவரைப் பகிர்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. செலவு குறையும், தெருவுக்கு நாலு டவர் முளைக்காது. ஆனால் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒரு ராத்திரியில், ஊரே கரண்ட் இல்லாமல் தண்ணீரில் நிற்கும்போது, ஒரு டவரின் பேட்டரி தீர்ந்தால் அதிலுள்ள எல்லா கம்பெனியும் ஒன்றாகத்தான் விழும்.

சாதனங்களிலும் சிக்கல் உண்டு. 2ஜி மட்டும் தெரிந்த பழைய கார்டு மெஷின், லாரியில் மாட்டிய ஜிபிஎஸ் பெட்டி இதற்கெல்லாம் ஜியோ உதவாது. அவர்களிடம் 2ஜி கிடையாது. நாலு என்பது இங்கே மூன்றாகிறது. பெட்டிக்குள் இருக்கும் சிம்மைப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்ததும் நீங்கள் இல்லை, பெட்டி கொடுத்தவர்.

என்ன செய்யலாம்

மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் கடையைச் சுற்றியுள்ள டவர்களையும், எதில் எந்தக் கம்பெனி இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். இரண்டாவது சிம் வாங்கும் முன் பத்து நிமிஷம் அதில் செலவிடுங்கள். விலையை விட, வேறு டவரா என்பதைப் பாருங்கள். ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் சிம் இன்னொரு கம்பெனியாக இருக்கட்டும். கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கியிருந்தால், அவர் யாரிடம் வாங்குகிறார் என்று கேளுங்கள். பேங்க், ஜிஎஸ்டி, கடை போர்டு மூன்றுக்கும் ஒரே நம்பர் வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. சனி, ஞாயிறு டூரிஸ்ட் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஃபைபரைப் பத்து நிமிஷம் கழற்றி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு சிம்மாக நிறுத்துங்கள். எது ஓடுது, எது படுக்குதுன்னு ஒரு தாளில் எழுதி கவுண்டர் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.