யான் ஹைன் டோனர்

யான் ஹைன் டோனர் (ஜூலை 6, 1927 - நவம்பர் 27, 1988) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரரும் பத்தி எழுத்தாளரும் ஆவார். 1959-ஆம் ஆண்டில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்றார். எனினும் நகைச்சுவையும் சர்ச்சையும் கலந்த தமது எழுத்துக்காகவே இவர் இன்று பெரிதும் நினைவுகூரப்படுகிறார். பெண்களின் சதுரங்கத் திறன் பற்றி இவர் கூறிய கருத்து, பின்னாளில் மாமல்லபுரம் உள்ளிட்ட பல போட்டிக் களங்களில் பொய்யாயிற்று.

ஆட்ட வாழ்க்கை

டோனர் ஹேக் நகரில் பிறந்தார். 14 வயதில் சதுரங்கம் கற்றார். 1954, 1957, 1958 ஆகிய ஆண்டுகளில் நெதர்லாந்தின் வாகையாளரானார். 1967-இல் வெனிஸ் போட்டியில், அப்போதைய உலக வாகையாளர் டிக்ரான் பெட்ரோசியானைப் பின்தள்ளி முதலிடம் பெற்றார். 11 சதுரங்க ஒலிம்பியாடுகளில் தமது நாட்டுக்காக ஆடினார்.

எழுத்து

டோனரின் பத்திகளில் கேலிக்கு எவரும் தப்பியதில்லை. 1965-இல் நாட்டின் வாகையாளரான லோடவைக் பிரின்சுக்குக் குதிரைக்கும் அமைச்சருக்கும் வேறுபாடு தெரியாது என்று எழுதினார். கணினியை எதிர்த்து ஆட நேர்ந்தால் சுத்தியலோடு செல்வதாகக் கூறியவர் என்றும் இவரைக் குறிப்பிடுவர்.

தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1978-இல் புவெனஸ் ஐரிஸ் ஒலிம்பியாடில் சீனாவின் லியூ வென்சே அரசியைப் பலி கொடுத்து, 20 நகர்த்தல்களில் டோனரை வென்றார். சீனர் ஒருவர் கிராண்ட்மாஸ்டர் ஒருவரை வென்றது அதுவே முதன்முறை. 1851-இல் ஆண்டர்சனிடம் தோற்றதாலேயே புகழடைந்த கீசெரிட்ஸ்கியின் நிலை, சீனாவில் இனித் தமக்கும் வாய்த்துவிட்டதாக டோனர் தம்மையே நகையாடினார்.

1983-இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பின்னர், ஒரே விரலால் தட்டச்சு செய்து தொடர்ந்து எழுதினார். இவரது சதுரங்கக் கட்டுரைகளின் தொகுப்பு 'அரசன்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1987-இல் வெளியானது. அது ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

பெண்கள் பற்றிய சர்ச்சை

பெண்களுக்கு உள்ளுணர்வு இல்லை என்றும், அதனால் அவர்களால் சதுரங்கம் ஆட இயலாது என்றும் டோனர் ஒரு கட்டுரையில் வாதிட்டார். மிகைப்படுத்திச் சீண்டுவது அவரது எழுத்து முறை. ஆயினும் இக்கருத்தை வெறும் வேடிக்கை என ஒதுக்க இயலாது. பெண்களைப் பற்றி அக்காலத்தில் பரவலாக இருந்த எண்ணத்துக்கு அது வலுச் சேர்த்தது. போட்டிகளில் ஆடிய பெண்களின் எண்ணிக்கை அப்போது மிகக் குறைவாக இருந்தது. முன்னணி இடங்களில் அவர்கள் அரிதாகக் காணப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டோனர் வாழ்ந்த காலத்திலேயே, 1978-இல், ஜார்ஜியாவின் நோனா கப்ரின்தாஷ்விலி கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். 1988 நவம்பரில் டோனர் இறந்தபோது தெசலோனிக்கியில் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தது. அதில் போல்கர் சகோதரிகள் இடம்பெற்ற ஹங்கேரி மகளிர் அணி தங்கம் வென்றது. அவர்களுள் இளையவரான யூதித் போல்கருக்கு அப்போது வயது 12. இவர் 2002-இல் காஸ்பரோவையும் வென்றார்.

மாமல்லபுரம் ஒலிம்பியாட்

2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றது. இந்தியாவில் நடந்த முதல் ஒலிம்பியாட் இதுவே. கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி, சென்னையைச் சேர்ந்த வைசாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் அடங்கிய இந்திய மகளிர் அணி இறுதிச் சுற்றுக்கு முன்பு வரை முன்னணியில் இருந்தது. இறுதிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்றதால் தங்கம் நழுவி, வெண்கலம் கிடைத்தது. மகளிர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பியாட் பதக்கம் இது. ஹரிகா நிறைமாதக் கருவுற்ற நிலையில் இப்போட்டியில் ஆடினார். 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய மகளிர் அணி தங்கம் வென்றது.