வாய்ஸ் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதா? டிஸ்க் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் வரும் போனை எடுத்து, பேசுபவர் சொல்வதைப் பதிந்து வைக்கும் வசதிதான் வாய்ஸ் மெயில். இதற்கென்று ஏதோ தனிக் கருவி இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பல சிறிய அலுவலகங்களில் மூலையில் தூசி படிந்து ஓடிக்கொண்டிருப்பது, உங்கள் வீட்டில் இருப்பது போன்ற சாதாரணக் கம்ப்யூட்டர்தான். அதில் லினக்ஸும், ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளும் இருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்பவர் 1999இல் தொடங்கியது இது. இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. ஆனால் ஒருமுறை நிறுவிய பிறகு அதன் அமைப்புகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் இரவுப் புகார்கள் வாய்ஸ் மெயிலுக்குத்தான் போகும். தீபாவளி விடுமுறையில் இரண்டு நாட்களுக்கு, அழைத்தவர்கள் எல்லாருக்கும் "பெட்டி நிரம்பிவிட்டது" என்ற ஆங்கில அறிவிப்பு மட்டுமே கேட்டிருக்கிறது. லிஃப்ட் நின்று போய் அவசரத்தில் அழைப்பவருக்கு இப்படி ஒரு பதில்! உரிமையாளர் புது ஹார்ட் டிஸ்க் வாங்கவே கிளம்பிவிட்டார். திறந்து பார்த்தால் டிஸ்கில் பாதிக்கு மேல் காலி.

பெட்டி நிரம்புவது வேறு, டிஸ்க் நிரம்புவது வேறு. பெட்டி நிரம்புவது எண்ணிக்கைக் கணக்கு. ஆஸ்டரிஸ்கில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு போல்டருக்கு 100 செய்திகள்தான். ஒரு நொடிச் செய்தியும் ஒன்று, மூன்று நிமிடச் செய்தியும் ஒன்று. அந்த அலுவலகத்தில் இருந்த 100இல் பெரும்பாலானவை, பீப் ஒலி கேட்டதும் போனை வைத்துவிட்டவர்களின் ஓரிரு நொடி மௌனங்கள்!

இந்த அமைப்புகள் எல்லாம் "வாய்ஸ்மெயில் டாட் கான்ஃப்" என்ற சாதாரண டெக்ஸ்ட் பைலில் இருக்கும். அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள், வேலை செய்யாது. மாற்றுவதற்கு முன் பைலை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "மேக்ஸ்எம்எஸ்ஜி". இதுதான் செய்திகளின் எண்ணிக்கை. 9999 வரை கொடுக்கலாம். இந்த எல்லை ஒவ்வொரு போல்டருக்கும் தனித்தனி. புதியவை, கேட்டு முடித்த பழையவை, வேலை, குடும்பம், நண்பர்கள் என்று போல்டர்கள் உண்டு. ஆகவே 500 என்று எழுதினால் ஒரு பெட்டிக்கு மொத்தமே 500 என்று கணக்குப் போடாதீர்கள்.

"மின்செக்ஸ்" என்பது குறைந்தபட்ச நேரம். இதைவிடக் குறைவான செய்தி சேமிக்கப்படாது. "மேக்ஸ்சைலன்ஸ்" என்பது எத்தனை வினாடி மௌனத்துக்குப் பின் பதிவை நிறுத்துவது என்பது. மௌன நேரம் குறைந்தபட்ச நேரத்தைவிடச் சிறியதாக இருந்தால்தான் வெற்றுச் செய்திகள் அறவே ஒழியும். கேட்க எளிது, நடைமுறையில் சிக்கல். "லிஃப்ட் நின்னுடுச்சு, மூணாம் மாடி, சீக்கிரம் வாங்க" என்று சொல்ல ஐந்து வினாடி கூட ஆகாது. குறைந்தபட்சத்தை 8 என்று வைத்தால் அந்த அழைப்பு தடமில்லாமல் போய்விடும். மௌன நேரத்தை 2 என்று வைத்தால், முகவரி எழுதிய சீட்டைத் தேடுபவரின் பேச்சு பாதியில் அறுந்துவிடும். எனவே நான் குறைந்தபட்சம் 3, மௌனம் 10 என்று வைத்தேன். சில வெற்றுச் செய்திகள் வரத்தான் செய்யும், வரட்டும். அதை ஈடுகட்ட எண்ணிக்கையை 500 ஆக்கினேன்.

ஒரு செய்தியின் அதிகபட்ச நேரத்தை "மேக்ஸ்செக்ஸ்" சொல்கிறது. 120 வினாடி எந்தப் புகாருக்கும் போதும். பழைய அனலாக் லைன்களில், அழைத்தவர் போனை வைத்த பிறகும் "டூட் டூட்" சத்தத்தைக் கம்ப்யூட்டர் விடாமல் பதிவதுண்டு. அது மௌனம் இல்லையே! இந்த எல்லை இருந்தால்தான் அது நிற்கும்.

இனி டிஸ்க் கணக்குக்கு வருவோம். இதைத் தீர்மானிப்பது "பார்மட்" என்ற வரி. மாதிரிப் பைலில் வேவ்49, ஜிஎஸ்எம், வேவ் என்று மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கும். மூன்றில் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு செய்தியும் மூன்று முறை பதிவாகிறது! ஒரு நிமிடப் பேச்சு வேவ் வடிவில் சுமார் 960 கேபி, ஜிஎஸ்எம்மில் 99 கேபி, வேவ்49இல் 97.5 கேபி. மூன்றும் சேர்ந்து நிமிடத்துக்கு 1.15 எம்பிக்கு மேல். 500 செய்திகள், தலா 2 நிமிடம் என்றால் 1000 நிமிடம். வேவ்49 மட்டும் என்றால் 100 எம்பிக்குள் அடங்கும் அதே 1000 நிமிடம், மூன்றுமாகச் சேர்ந்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். இருபது பெட்டிகள் இருந்தால்? பழைய 40 ஜிபி டிஸ்கில் பாதி போய்விடும். டிஸ்க் உண்மையிலேயே நிரம்பினால் பெட்டி எல்லையைப் போல ஒழுங்கான அறிவிப்பை எதிர்பார்க்காதீர்கள். செய்தி முழுதாகப் பதிவாகாமலே போகலாம்.

அப்படியானால் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளலாமே என்று உடனே வரியைத் திருத்திவிடாதீர்கள். பெட்டியில் ஏற்கெனவே செய்திகள் இருக்கும்போது இந்தப் பட்டியலை மாற்றினால், பழைய செய்திகளைக் கேட்கும்போதும் நகர்த்தும்போதும் விபரீதங்கள் நேரும். மாதிரிப் பைலிலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை உண்டு. பழைய செய்திகளையும் புதிய பட்டியலுக்கு ஏற்ப நீங்களே சரிசெய்ய வேண்டும். வேவ் மட்டும் வேண்டும் என்றால் மற்ற இரண்டு வகைப் பைல்களையும் நீக்குங்கள். கூடவே இருக்கும் டெக்ஸ்ட் பைலைத் தொடாதீர்கள். அழைத்தவரின் எண்ணும் நேரமும் அதில்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேவ்49 பைலின் பெயர் பெரிய ஆங்கில எழுத்திலும், வேவ் பைலின் பெயர் சிறிய எழுத்திலும் முடியும். எழுத்துகள் அதே மூன்றுதான். லினக்ஸுக்கு இவை இரண்டு பைல்கள். விண்டோஸுக்கு ஒன்றே. பேக்கப் என்று பென் டிரைவில் அப்படியே இழுத்துப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். லினக்ஸிலேயே "டார்" கட்டளையால் ஒரே பைலாகக் கட்டி, பிறகு நகலெடுங்கள்.

"பேக்கப்டெலிடெட்" என்று ஒரு வரி உண்டு. இதில் 50 என்று கொடுத்தால், அழித்த செய்திகளில் கடைசி 50 தனிப் போல்டரில் தங்கும். கொடுக்காவிட்டால் அழித்தது அழித்ததுதான். செலவில்லாத காப்பீடு இது, கட்டாயம் போடுங்கள். மாறாக, பெட்டியின் வரியில் "டெலிட்" என்பதற்கு "யெஸ்" என்று இருந்தால் உஷார். இமெயிலில் அனுப்பிய கையோடு செய்தி கம்ப்யூட்டரிலிருந்து நீங்கிவிடும். அந்த இமெயில் போய்ச் சேராவிட்டால் இரண்டு இடத்திலும் இருக்காது.

எல்லாம் முடிந்ததும் ஆஸ்டரிஸ்க் திரையில் "வாய்ஸ்மெயில் ரீலோட்" என்று கொடுங்கள். கம்ப்யூட்டரை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை. பிறகு வெளியிலிருந்து மொபைலில் அழைத்து, முதலில் பேசாமல் வைத்துவிடுங்கள். அடுத்து நான்கு வினாடி மட்டும் பேசுங்கள். மூன்றாவதாக, பேச்சின் நடுவே ஆறேழு வினாடி நிறுத்திவிட்டுத் தொடருங்கள். பெட்டியில் இரண்டு செய்திகள் இருக்க வேண்டும், இரண்டுமே முழுதாக.