சுண்டல்காரரும் எலக்ட்ரானும்

போன வாரம் சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல்ல போனேன். பொன்னேரி தாண்டியும் கூட்டம் குறையல. நடுவுல ஒரு சுண்டல்காரர். பசிக்கிறவங்க அவர் பக்கம் சாயுறாங்க, மத்தவங்க விலகுறாங்க. அவர் நகர நகர அந்தச் சாய்வும் கூடவே நகருது.

ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டுக்குள்ள எலக்ட்ரான் போறதும் இப்படித்தான். சோலார் செல்லுக்குப் பயன்படுற இந்தப் படிகத்துல ஈயத்துக்கு நேர்மின்சுமை, அயோடைடுக்கு எதிர்மின்சுமை. எலக்ட்ரான் ஈயத்தை இழுக்கும், அயோடைடைத் தள்ளும். எலக்ட்ரானும் அது உண்டாக்குற சாய்வும் சேர்ந்ததுதான் போலரான்.

சிலிக்கான்ல எல்லாம் ஒரே வகை அணு, பிணைப்பும் இறுக்கம். இந்தப் படிகம் மென்மையானது. அறை வெப்பத்துலயே நல்லா அதிரும். அந்த அதிர்வுகள்ல மோதி மோதி, சிலிக்கானைவிட இங்கே எலக்ட்ரான் மெதுவாத்தான் நகரும். ஆனாலும், 2009-ல் ஜப்பானின் மியாசகா குழு 3.8 சதவீதத் திறனோட தொடங்கின செல், இன்னைக்கு ஆய்வகத்துல 26-ஐத் தாண்டிடுச்சு. எப்படி? மெதுவா போனாலும், படிகக் குறைகள்ல சிக்கி வீணாகாம எலக்ட்ரான் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்குது. போலரான் சாய்வே அதுக்கு ஒரு கவசம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்த விவாதம் இன்னும் முடியல.

அதே மென்மைதான் சிக்கலும். வெப்பத்துலயும் ஈரத்துலயும் அயனிகள் இடம் மாறும், படிகம் சிதையும். சிப்காட் ஷீட் கூரை மேல இதைப் போடணும்னா, மே மாச வெயிலையும் பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக்காத்தையும், சிலிக்கான் பேனல் மாதிரி 25 வருஷம் தாங்கணும். திறனைக் காட்டியாச்சு. இனி காட்ட வேண்டியது ஆயுளை.