சிக்னலில் நின்றால் இன்ஜின் நடுங்கி அணைகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கார் ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. சிக்னலில் நின்றால்தான் பிரச்சினை. ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஆர்பிஎம் முள் ஏறி ஏறி இறங்குகிறது. ஏசியைப் போட்டதும் இன்ஜின் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

ஒர்க்‌ஷாப் மொழியில் இதற்கு ‘ஐடிலிங் நிக்கல’, ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்று பெயர். “பிளக் மாத்திப் பார்ப்போம் சார்” என்று தொடங்கும் வேலை, காயில், சென்சார், பெட்ரோல் பம்ப் என நீண்டு, பில் பல ஆயிரத்தைத் தாண்டிய பிறகும் கார் பழையபடி அணைவதுண்டு. கடைசியில் பார்த்தால் வெடித்துப்போன ஒரு ரப்பர் ஹோஸ்தான் காரணமாக இருக்கும். பார்ட்ஸை மாற்றிப் பார்ப்பது வேறு, கோளாறைக் கண்டுபிடிப்பது வேறு. பெட்ரோல் கார்களில் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது.

நிற்கும்போது மட்டும் ஏன்?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ரோட்டில் தகடு கிட்டத்தட்ட முழுவதுமாக மூடிக்கொள்ளும். சின்ன இடைவெளி வழியாக வரும் கொஞ்சம் காற்றை வைத்துத்தான் இன்ஜின் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சூடான பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 650 முதல் 850 ஆர்பிஎம் வரை சுழலும். 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தை ஈசியு எனும் கணினி காப்பாற்றப் பார்க்கும்.

இந்த நிலையில் எங்கோ ஒரு ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று புகுந்தால், மொத்தக் காற்றில் அது பெரிய பங்காகிவிடும். வேகமாகப் போகும்போது இன்ஜின் நிறையக் காற்றை இழுப்பதால் அதே கசிவு ஒரு பொருட்டே இல்லை. ‘ஹைவேயில் சூப்பரா போகுது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது’ என்பதற்கு இதுவே காரணம்.

முதலில், இது கோளாறுதானா?

புதிய கார்கள் பலவற்றில் பெட்ரோலை மிச்சப்படுத்த, சிக்னலில் இன்ஜின் தானாகவே அணைந்து, கிளட்ச்சை மிதித்தாலோ பிரேக்கை விட்டாலோ தானாகவே ஸ்டார்ட் ஆகும். அது கோளாறு அல்ல. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆர்பிஎம் 1,000-ஐத் தாண்டி, சூடானதும் இறங்குவதும் இயல்புதான். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, கார் மட்டும் அதிர்ந்தால், இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

எப்போது நடக்கிறது என்று கவனியுங்கள்

எந்த ஸ்கேனரும் தராத தகவல் ஓட்டுபவரிடம் இருக்கிறது. ஒரு வாரம் கவனித்துக் குறித்துவைத்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறையும்.

• ஏசி போட்டதும் அணைகிறது: கூடுதல் சுமைக்கு ஏற்பக் காற்றை உயர்த்த முடியவில்லை. த்ரோட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கலாம்.

• பெட்ரோல் போட்ட உடனே மட்டும் திணறுகிறது: டேங்கில் உருவாகும் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றிருக்கலாம்.

• சூடானதும் அணைகிறது, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது: கிராங்க் பொசிஷன் சென்சாரைப் பாருங்கள்.

• மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் இழுவை இல்லை: பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

• சிஎன்ஜியில் மட்டும் தடுமாறுகிறது, பெட்ரோலில் சரி: கேஸ் கிட், ஸ்பார்க் பிளக் இரண்டும் சந்தேகத்துக்குரியவை.

• பேட்டரி மாற்றிய பிறகு ஆரம்பித்தது: ஈசியு கற்றுவைத்திருந்த ஐடிலிங் கணக்கு அழிந்திருக்கலாம். சில கார்களில் ‘ரீலேர்ன்’ செய்தாலே போதும்.

காசு செலவில்லாத சோதனை

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வேண்டாம்; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. பானெட்டைத் திறந்து ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. பிறகு இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, கழன்ற கிளிப், எலி கடித்த வயர் இருந்தால் கண்ணுக்கே தெரியும். சமீபத்தில் ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தால், மூடியும் குழாயும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஹோஸ் மீது ஸ்பிரே அடித்துக் கசிவு தேடும் வழக்கம் சில ஒர்க்‌ஷாப்களில் உண்டு. சூடான இன்ஜினில் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் வீட்டில் முயல வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் ‘ஸ்மோக் டெஸ்ட்’ செய்யச் சொல்வதே பாதுகாப்பானது. புகை எங்கே வெளியேறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

2020 ஏப்ரல் முதல் அமலான பிஎஸ்-6 விதிப்படி விற்கப்பட்ட கார்களிலும், அதற்கு முந்தைய பல கார்களிலும் டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி போர்ட் இருக்கும். புளூடூத் அடாப்டரை அதில் செருகினால் பிழைக் குறியீடுகளை மொபைலிலேயே பார்க்கலாம்.

ஆனால், குறியீடு என்பது புகார்தான், தீர்ப்பு அல்ல. ‘பி0171’ வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டுமே பொருள். ஆக்சிஜன் சென்சார் அதைச் சரியாகக் கண்டு சொல்லியிருக்கும். சொன்ன சென்சாரையே கழற்றி வீசுவதுதான் பலரும் செய்யும் தவறு.

இங்கே ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்ற எண் உதவும். கணக்கிட்ட அளவைவிட ஈசியு எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். பொதுவாக 10% வரை கூடுவதும் குறைவதும் கவலைக்குரியதல்ல. சூடான இன்ஜினில் ஐடிலிங்கின்போது +20% காட்டி, 2,500 ஆர்பிஎம்-மில் இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. வேகம் கூடக்கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் குறைத்துக் காட்டுகிறது.

காயிலை இடம் மாற்றும் உத்தி

‘பி0302’ என்றால் 2-வது சிலிண்டரில் மிஸ்ஸிங். காயில் போனதா, பிளக் போனதா? சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார் என்றால், புதிது வாங்காமலே கண்டுபிடிக்கலாம். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, 2-வது காயிலை 3-வது இடத்திலும், 3-வதை 2-வது இடத்திலும் மாட்டுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது ‘பி0303’ வந்தால் குற்றவாளி காயில்தான். மாறாமல் ‘பி0302’-வே வந்தால் அதே முறையில் பிளக்கைச் சோதிக்கலாம். அதிலும் மாறவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று மெக்கானிக் பார்க்க வேண்டிய கட்டம்.

ஈ20 பெட்ரோல்தான் காரணமா?

எத்தனால் கலப்புக்கு ஏற்ப, பெட்ரோல் அளவை ஈசியு ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய காரிலும், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய காரின் ரப்பர் பாகங்களிலும் சிக்கல் வரலாம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் பெட்ரோலைக் குறை சொல்ல முடியாது. எல்லா சிலிண்டருக்கும் போவது ஒரே பெட்ரோல்தானே!

இதைத் தள்ளிப்போடாதீர்கள்

செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஸிங் என்று பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, விலை உயர்ந்த அந்தப் பாகத்தையே உருக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே நல்லது.

ஓடும்போது இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் மிச்சமுள்ள வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக, பலமாக மிதியுங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரங்கட்டுங்கள். கார் நிற்கும்வரை சாவியை எடுக்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஒர்க்‌ஷாப் போகும்போது “ஐடிலிங் சரியில்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள். “இன்ஜின் சூடான பிறகு, ஏசி போட்டா மட்டும் ஆஃப் ஆகுது, இந்தக் கோடு வருது” என்று சொல்லுங்கள். எந்தப் பார்ட்டையும் மாற்றும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுதான்னு எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது அண்ணே?” வேலை தெரிந்த மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், கூப்பிட்டுக் காட்டுவார்.