திரையில் வரும் பூதமும் தோட்டத்துச் செம்பனையும்



முன்பு தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். இன்று படம் கைத்தொலைபேசிக்கே வந்துவிட்டது. கோரப் பிராணிகள் வரும் படத்தைப் பார்த்துவிட்டு இருட்டில் வெளியே போக அஞ்சும் பிள்ளைகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பிராணிகள் எப்படி உண்டாகின்றன என்பதை இன்று நாம் ஆராய்வோம்.

தமிழ்நாட்டில், சேலத்தில், டி. ஆர். சுந்தரம் அவர்களின் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற புகழ்பெற்ற படநிறுவனம் இருந்தது. அது அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் 'காடு' என்ற படத்தை வெளியிட்டது. யானைகள் மிரண்டு ஓடி ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள், உடலெல்லாம் சடைமயிர் மூடிய மாமூத் என்னும் ஆதிகால யானைகளைக் காண்கிறார்கள். மாமூத் குளிர்நாடுகளில் வாழ்ந்த விலங்கு. அதன் கடைசிக் கூட்டமும் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயிற்று. அப்படியானால் படத்தில் வந்தவை எவை? மயிர்ப் போர்வை போர்த்திய சாதாரண யானைகள்தாம்!

அமெரிக்காவில் 1955-இல் ரோஜர் கார்மன் என்பவர் மிகக் குறைந்த செலவில் ஒரு படம் எடுத்தார். 'உலகம் முடிந்த நாள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அணுகுண்டுப் போருக்குப்பின், கதிரியக்கத்தால் மனிதன் மூன்று கண்ணுள்ள பூதமாக மாறுகிறான் என்பது கதை. பால் பிளைஸ்டெல் என்ற கலைஞர் நுரை ரப்பரால் பூத உடை செய்து, தாமே அதற்குள் புகுந்து நடித்தார். ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, சூட்டில் இறுக வைத்தால் நுரை ரப்பர் கிடைக்கும். நம் மங்கில் சொட்டும் பாலிலும் அதைச் செய்யலாம்.

உடை பொய். மனிதன் மாறுவது மட்டும் மெய்யா? அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நம் உடல் எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பு உயிரணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெறுகிறோம். அந்தக் குறிப்பின் பகுதிகளே மரபணுக்கள். அதில் ஓர் எழுத்து மாறினாற்போல நிகழ்வது திடீர் மாற்றம். கதிரியக்கம் அதைக் கூட்டும், புற்றுநோயையும் தரும். ஆனால் மனிதனைப் பூதமாக்காது. கதிரியக்கமே இல்லாமலும் மரபணுக்கள் இயற்கையாக மாறுகின்றன. அத்தகைய மாற்றங்கள் நம் ஒவ்வொருவர் உடலிலும் உண்டு.

நம் ஜொகூர்ச் செம்பனையையே பாருங்கள். டூரா வகைப் பழத்தில் ஓடு தடித்திருக்கும். பிசிபெரா வகையில் ஓடே இராது. ஒரு மரபணு மாறியதே அதற்குக் காரணம். இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உள்ள டெனெரா கிடைக்கிறது. எண்ணெய் மிகுதியாகத் தருவதால் தோட்டங்களில் இதையே நடுகிறார்கள். ஓட்டுக்குக் காரணமான அந்த மரபணுவை மலேசிய ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். நாம் அன்றாடம் அறுக்கும் குலையில் அந்த மாற்றம் இருக்கிறது. அதைக் கண்டு யார் அஞ்சுகிறோம்?

சில மாற்றங்கள் துன்பமும் தரும். தலசீமியா என்னும் இரத்த நோய் அப்படிப்பட்டது. தாயும் தந்தையும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் இருவரும் அந்த மாற்றத்தைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்து இதைத் தெரிந்துகொள்ளலாம்.

பெற்றோரே, ஆறு விரலோடும், வளையாத காலோடும், வேறு குறைகளோடும் பிள்ளைகள் பிறப்பதுண்டு. காரணம் சிலவற்றில் மரபணு, சிலவற்றில் வேறு. தாய் செய்த பாவம் என்பதும், கிரகண நிழல் பட்டது என்பதும் உண்மையல்ல. அப்படிச் சொல்லித் தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பிள்ளையை வீட்டுக்குள் மறைக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள்.

திரையில் கேட்ட 'பூதம்' என்ற சொல்லை அத்தகைய பிள்ளைக்குப் பட்டப்பெயராகச் சூட்டுவதைப் பள்ளிகளில் நாங்கள் கேட்கிறோம். உங்கள் பிள்ளை பூதப்படம் பார்த்தால் பக்கத்தில் உட்காருங்கள். "இந்த உடைக்குள் யார் இருக்கிறார், சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். அச்சம் தானே சிரிப்பாகும். அந்தச் சொல்லை அடுத்த வீட்டுப் பிள்ளைமீது வீசினாலோ, அன்றே கண்டித்துத் திருத்துங்கள்.